சல்லடையின் வரலாறு: தமிழகப் புத்தொழில் நிறுவனங்களும் பட்டதாரிகளின் தன்விவரக் குறிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் துறையில் இயங்கும் புத்தொழில் நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளைத் தெரிவு செய்யும்போது தன்விவரக் குறிப்பையே முதற் சல்லடையாகக் கொள்கின்றன. பள்ளி மதிப்பெண், கல்லூரியின் பெயர், நிலுவைத்தாள் இன்மை ஆகியன அச்சல்லடையின் கண்கள். இவ்வளவுகோல்கள் எத்தேவைக்காக உருவாயின, இன்று எத்தேவைக்குப் பயன்படுத்தப்படுகின்றன என்பதைக் காலனியக் காலம் முதல் வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. பெருந்திரளை விரைவாகக் குறைப்பதற்கென உருவான கருவி, ஓரிருவரைக் கூர்ந்து தேர வேண்டிய இடத்தில் பொருந்துவதில்லை என்பதும், அக்கருவி விண்ணப்பதாரரின் ஆற்றலைவிட அவர்தம் குடும்பம் பெற்ற வாய்ப்பின் வரலாற்றையே மிகுதியும் அளக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தன்விவரக் குறிப்பு, புத்தொழில் நிறுவனம், முதல் தலைமுறைப் பட்டதாரி, தகுதி, மதிப்பெண், தமிழ்வழிக் கல்வி.

முன்னுரை

‘பயோடேட்டா’ என்றும் ‘ரெஸ்யூம்’ என்றும் வழக்கில் வழங்கும் தன்விவரக் குறிப்பு ஓரிரு பக்கங்களில் அடங்கும் எளிய ஆவணம். பெயர், முகவரி, கல்வித் தகுதி, மதிப்பெண், செய்த திட்டப்பணிகள், அறிந்த நிரல்மொழிகள் என அதன் கட்டங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. இக்கட்டங்களை இயல்பானவையாகக் கொள்ளும் நாம், அவை யாரால், எதற்காக வகுக்கப்பட்டன என வினவுவதில்லை.

தமிழகத்தில் இவ்வினாவுக்குத் தனி முதன்மை உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் இங்குள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பெருமளவில் வெளிவருகின்றனர். அவர்களது குறிப்பைப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே பணிபுரியும் ஒரு புத்தொழில் நிறுவனத்தில் ஒருவர் சில நொடிகள் பார்த்துவிட்டு ஒதுக்குகிறார். அந்தச் சில நொடிகளில் அவர் எதைப் படிக்கிறார் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. தகுதியும் சான்றும்: பழைய சிக்கல்

ஒருவரைப் பணிக்குத் தேர்வது குறித்த சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறள் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை இதற்கென ஒதுக்குகிறது. ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியவரை உரிய வினையில் அமர்த்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறு என்னும் தெளிவு அதிகாரப் பகுப்பிலேயே உள்ளது.

நடைமுறைச் சான்றாக முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அமைகின்றன. சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தேரும் முன்னர், ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கான தகுதிகளை அவை பட்டியலிடுகின்றன. வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, மறைக்கல்வி ஆகியவை அவற்றுட் சில. கல்வி மிக்கவருக்கு நில அளவில் தளர்வும் உண்டு. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இக்கல்வெட்டு மக்களாட்சிக்குச் சான்றாகப் பெரிதும் பேசப்படுவது. ஆயினும் நம் நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. அது பிரமதேய ஊர் ஒன்றின் சபை. குடத்தினுள் இட்ட ஓலைகளுக்குள் சமவாய்ப்பு இருந்தது. எந்த ஓலை குடத்தினுள் விழலாம் என்பதை நிலமும் பிறப்பும் வரையறுத்தன. தெரிவின் நேர்மை ஒரு கேள்வி; தெரிவுக்கு முந்தைய சல்லடையின் நேர்மை மற்றொரு கேள்வி. இவ்வேறுபாடு பின்வரும் காலங்களிலும் தொடர்கிறது.

2. பட்டம் பணிக்கு வாயிலாதல் (1844–1951)

கல்விச் சான்றை வேலையோடு பிணைத்தது காலனிய ஆட்சி. 1844இல் ஆளுநர் நாயகம் ஹார்டிஞ்ச் வங்காளத்தில் வெளியிட்ட தீர்மானம், ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப்பணியில் முன்னுரிமை வழங்கியது. 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் குடிமைப் பணியைப் போட்டித் தேர்வுக்குத் திறந்தது. 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. தொடக்கத்தில் இவை பாடம் நடத்தும் இடங்களாக இல்லாமல், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. இவ்வாறு ஒருவரது அறிவு, அவரைப் பார்த்திராத அலுவலர் ஒருவர் தொலைவிலிருந்து படித்தறியக்கூடிய எண்ணாக மாறியது.

அக்காலத்தில் ‘பி.ஏ. ஃபெயில்’ என்பதையும் தகுதியாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. பின்னாளில் இது நகைப்புக்குரியதாயிற்று. எனினும் அதில் ஒரு நியாயம் உண்டு. பட்டத் தேர்வில் தோற்றவரும் அதற்கு முந்தைய தேர்வுகளில் தேறியவர், கல்லூரியில் படித்தவர் என்பதை அத்தொடர் உணர்த்திற்று. தோல்வியும் ஒரு தகவலாகப் படிக்கப்பட்டது. தேர்ச்சியா இல்லையா என்ற இரண்டாக மட்டும் அன்றைய வாசிப்பு சுருங்கிவிடவில்லை.

பட்டம் பொதுவான அளவுகோல் என்னும் கூற்றைச் சென்னை மாகாணம் உரத்துக் கேள்விக்குள்ளாக்கியது. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, மாகாண மக்கள்தொகையில் சிறு பங்கினராக இருந்தோர் உயர்பணிகளில் பெரும்பங்கு வகித்ததைப் புள்ளிவிவரங்களோடு சுட்டியது. 128 மாவட்ட முன்சீப்புகளுள் 93 பேர் பிராமணர் என்பது அக்காலத்தில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்ட கணக்கு. தேர்வு நேர்மையாக நடந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. தேர்வறைக்கு வந்து சேரும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதே வாதம். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறப்பிக்கப்பட்ட வகுப்புவாரி ஆணையும், 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சென்னைப் பணியாளர் தேர்வாணையமும் இவ்வாதத்தின் விளைநிலத்தில் தோன்றியவை. செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாதெனத் தீர்ப்பானதும், அதன் தொடர்ச்சியாக 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியதும் நாடறிந்த செய்திகள்.

இவ்வரலாற்றின் பயன் ஒன்றுண்டு. அரசுத்துறை, தன் சல்லடையின் கண்கள் யாரை விடுகின்றன, யாரைத் தடுக்கின்றன என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கிய 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கடமையின் நீட்சியே. தனியார்துறைக்கு இத்தகைய கடமை எழவில்லை.

3. அறுபது விழுக்காட்டின் பிறப்பிடம்

1984 முதல் தமிழகத்தில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. அதே ஆண்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வும் நடைமுறைக்கு வந்தது. 1997 முதல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு நடந்துவருகிறது. ஊரகத்து மாணவருக்குப் பாதகமானது எனக் கருதப்பட்ட நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 2021 முதல் பொறியியலுக்கும் விரிந்தது. இப்படி ஒரு தலைமுறைக் காலத்தில் பொறியியற் கல்வியின் வாயில் படிப்படியாக அகலமாக்கப்பட்டது.

வாயில் அகன்றதும் மறுமுனையில் நெரிசல் உண்டாயிற்று. சென்னையிலும் பெங்களூருவிலும் வளர்ந்த பெரும் மென்பொருள் சேவை நிறுவனங்கள், ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. ஒரு வளாக நேர்காணலில் பல நூறு மாணவரை ஓரிரு நாளில் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கு உதவியதே ‘பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இருத்தல் ஆகாது’ என்னும் விதி. அதைச் செயற்படுத்தச் செலவில்லை. கணிப்பொறியின் அட்டவணையில் ஒரு வரி போதும்.

இவ்விதி பணித்திறனை அளப்பதற்காக வகுக்கப்பட்டதன்று. தெரிவானோர்க்கு நிறுவனமே பல மாதங்கள் பயிற்சியளித்தது. இயந்திரவியல் படித்தவரும் கட்டடவியல் படித்தவரும் அங்கு நிரலாளராயினர். எனவே நிறுவனம் தேடியது ‘இப்போது செய்யத் தெரிந்தவரை’ அன்று, ‘சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடியவரை’. தவறாக விலக்கப்படும் நல்லவரைப் பற்றி அது கவலையுற வேண்டியதில்லை. ஏனெனில் வரிசையில் இன்னும் ஆயிரம் பேர் நின்றனர்.

புத்தொழில் நிறுவனத்தின் நிலை இதற்கு நேர்மாறு. அது எடுப்பது இரண்டு அல்லது மூன்று பேரை. அதற்குப் பயிற்சி வளாகம் இல்லை. வருபவர் சில வாரங்களில் பொறுப்பேற்று வேலை செய்ய வேண்டும். தவறான தெரிவு ஒன்று குழுவில் ஐந்திலொரு பங்கைப் பழுதாக்கும். ஆயினும் ஓரிடத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவியும்போது, மனிதவளத் துறையற்ற அந்நிறுவனம் தன் நிறுவனர் முன்பு பணிபுரிந்த பெருநிறுவனத்தின் சல்லடையையே எடுத்துக்கொள்கிறது. நெல் சலிக்கும் சல்லடையால் விதை பொறுக்கும் செயல் இது.

4. பெயரும் கட்டமும்: இரண்டு கள ஆய்வுகள்

தன்விவரக் குறிப்பு நடுநிலையானதா என்பதைச் சோதித்த இரண்டு இந்திய ஆய்வுகளை இணைத்துப் படித்தல் பயன் தரும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதிகளும் வேறுபட்ட பெயர்களும் கொண்ட 4,808 விண்ணப்பங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார்துறை விளம்பரங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிடத் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, இசுலாமியப் பெயருக்கு 0.33.

அபிஜித் பானர்ஜி, மரியான் பெர்ட்ரான், சௌகதோ தத்தா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு தில்லி வட்டாரத்தில் மென்பொருள், அழைப்புமையப் பணிகளுக்கு 371 இடங்களில் 3,160 விண்ணப்பங்களை அனுப்பியது. அழைப்புமையப் பணிகளில் சாதிசார் வேறுபாடு தென்பட்டது. மென்பொருள் பணிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இரண்டாம் ஆய்வைக் கொண்டு மென்பொருள் துறை பாகுபாடற்றது எனச் சிலர் முடிவு கட்டலாம். அம்முடிவு ஆய்வின் அமைப்பைக் கருதாதது. அங்கு எல்லா விண்ணப்பங்களிலும் கல்வித் தகுதி ஆய்வாளராலேயே சமமாக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறினால் வேறுபாடு இல்லை என்பதே கண்டறியப்பட்டது. நடப்பில் கட்டங்கள் சமமாக இருப்பதில்லை.

தமிழகத்துக்கு இவ்விளக்கம் இன்னும் பொருந்தும். 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்திலிருந்து பரவிய வழக்கத்தால், இங்குப் பெயருக்குப் பின் சாதிப்பட்டம் எழுதுவது அருகிவிட்டது. குறிப்பின் முதல் வரி பெரிதாக எதையும் சொல்லாது. அடுத்த வரிகள் சொல்லும். பயின்ற பள்ளி, பயிற்றுமொழி, கல்லூரியின் ஊர், சிலர் இன்றும் எழுதும் தந்தையின் தொழில் ஆகியன அனைத்தும் பெயர் மறைத்ததைத் திறந்துவிடுகின்றன. தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறையை ஆராய்ந்த சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘எக்ஸ்போஷர்’ என்னும் சொல்லை மையப்படுத்தினர். நகரப் பழக்கமும் ஆங்கிலப் பேச்சும் சேர்ந்த அப்பண்பு திறமை என்றே கருதப்படுவதை அச்சொல் காட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய நூல், மரபாகப் பெற்ற வாய்ப்பு ‘தகுதி’ என்னும் பெயரில் மறுபிறப்பெடுப்பதை விளக்குகிறது.

5. கட்டங்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே நோக்கினால் அதன் எல்லை புலப்படும்.

பள்ளி மதிப்பெண். 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறாமையால், காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் அளித்து மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து 30 விழுக்காடு என எடுத்துக் கூட்டப்பட்டது. இம்மாணவர்கள் இப்போது வேலை தேடும் பருவத்தினர். வேறு ஆண்டுகளின் மதிப்பெண்ணோடு அவர்களது எண்ணை ஒரே கோட்டில் வைத்து 60க்கு மேல், கீழ் எனப் பிரிப்பதற்குப் பொருளில்லை.

பட்டப்படிப்பின் தரப்புள்ளி. இணைவுக் கல்லூரிகளில் பல்கலைக்கழகம் பொதுவான தேர்வை நடத்துகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளையும் திருத்தத்தையும் தாமே மேற்கொள்கின்றன. இருவேறு கல்லூரிகளின் 7.5 ஒரே எண். ஒரே அளவு அன்று.

அரியர். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர், முதற்பருவத்தில் கணிதத்தையும் இயற்பியலையும் திடீரென ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். அப்பருவத்தில் இரண்டு தாள்களில் தோற்று, மூன்றாம் பருவத்துக்குள் அவற்றை முடித்து, பின்னர்த் தொடர்ந்து தேறியவரின் கதை, ஏறுமுகம் கொண்டது. இறுதியாண்டில் புதிதாக அரியர் வைத்தவரின் கதை வேறு. ‘அரியர் இருந்ததா’ என்னும் கேள்வி இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. ‘எப்போது, எப்படி முடித்தார்’ என்னும் கேள்வியே பிரித்துக் காட்டும். மொத்தத்தைவிடப் போக்கு மிகுதியான செய்தி தரும்.

திட்டப்பணியும் பயிற்சிப்பணியும். மதிப்பெண்ணுக்கு மாற்றாக, கிட்ஹப் தளத்தில் உள்ள நிரல்களையும் பயிற்சிப்பணி அனுபவத்தையும் பார்க்கலாம் எனப் புத்தொழில் நிறுவனங்கள் கூறுவதுண்டு. இது ஓரளவு மேம்பட்ட வழி. எனினும் இதற்கும் விலையுண்டு. சொந்த மடிக்கணினி, தடையற்ற இணையம், மாலைநேரத்து ஓய்வு ஆகியவை இருப்பவருக்கே அப்பக்கம் நிறையும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இவ்விடைவெளியை அரசு உணர்ந்திருந்தமையைக் காட்டும். ஊதியமற்ற பயிற்சிப்பணிக்காகச் சென்னையில் மூன்று மாதம் அறையெடுத்துத் தங்குவது, விடுமுறையில் வீட்டுக்குச் சம்பாதித்துத் தரவேண்டிய மாணவருக்கு இயலாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல் பட்டதாரிச் சான்றிதழ் என ஓர் ஆவணம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறப்படும் அத்தாள், கட்டணச் சலுகைக்குப் பயன்பட்டபின் கோப்பில் உறங்குகிறது. வீட்டில் வழிகாட்ட எவருமின்றி, கலந்தாய்வில் கல்லூரியைத் தாமே தேர்ந்து, அந்நிய மொழியில் பாடம் கற்று, நான்காண்டுகளில் பட்டம் பெற்றவர் ஒருவரின் 68 விழுக்காட்டுக்கும், அவையனைத்தும் வாய்க்கப் பெற்றவரின் 75 விழுக்காட்டுக்கும் இடையேயுள்ள தொலைவை விளக்கக்கூடிய செய்தி அது. தன்விவரக் குறிப்பில் அதற்குக் கட்டமில்லை. வெட்கத்தால் பலர் அதைச் சொல்வதுமில்லை.

6. வேறு வழியில் தேர்தல்

பட்டம் ஏன் மதிக்கப்படுகிறது என்பதற்கு மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஒரு விளக்கம் தந்தார். கல்வி ஒருவரது திறனைக் கூட்டாவிடினும், திறனுடையோர்க்கு அதைப் பெறுவது எளிதாதலின் அது ஓர் அறிகுறியாகச் செயற்படும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். அதில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. அறிகுறியைப் பெறுவதற்கான செலவு திறனைப் பொறுத்து வேறுபட வேண்டும். குடும்பச் சூழலைப் பொறுத்து வேறுபடின், அது திறனின் அறிகுறி என்பதினின்று சூழலின் அறிகுறியாக மாறிவிடும்.

தெரிவுமுறைகள் பற்றிய உளவியலாய்வுகள் மாற்றுவழியைச் சுட்டுகின்றன. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து மறுமதிப்பீடு செய்தனர். அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவால் மதிப்பிடும் நேர்காணலுக்கும் பிந்தைய பணித்திறனுக்கும் இடையேயான தொடர்பு 0.42, மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலுக்கு 0.19. பணியை ஒத்த சிறு சோதனையும் பயனுள்ள முறைகளுள் ஒன்றாக அத்தொகுப்பில் இடம்பெறுகிறது.

கணிப்பொறியிடம் ஒப்படைத்தால் சார்பு நீங்கும் என்பதும் ஐயத்துக்குரியது. அமேசான் நிறுவனம் சோதனைமுறையில் உருவாக்கிய விண்ணப்ப மதிப்பீட்டு மென்பொருள், பத்தாண்டு கால விண்ணப்பங்களைக் கற்றதன் விளைவாகப் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியது என்றும், நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது என்றும் 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பழைய தெரிவுகளைக் கற்கும் பொறி, பழைய விருப்பங்களையே விதியாக்கும்.

தமிழகத்திலேயே மாற்று முயற்சிக்குச் சான்றுண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர்ச் சோகோ எனப் பெயர் மாறிய நிறுவனம், 2000களின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிப்படிப்பும் பட்டயப்படிப்பும் முடித்தோரைத் தெரிந்து, உதவித்தொகையுடன் தானே பயிற்றுவித்துப் பணியமர்த்தி வருகிறது. 2011இல் தென்காசியில் அலுவலகமும் திறந்தது. பயிற்சிக்கான செலவை எல்லாப் புத்தொழில் நிறுவனங்களாலும் ஏற்க இயலாது. ஆயினும் பட்டமின்றியும் மென்பொருள் ஆக்க இயலும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

சிறு நிறுவனத்துக்கு இயன்றது வரிசையை மாற்றுவது. குறிப்பை முதலில் படித்து, எஞ்சியோருக்குச் சோதனை வைப்பது இன்றைய முறை. அதற்கு மாறாக, இரண்டு மணி நேரத்துக்கு மிகாத, உண்மைப் பணியை ஒத்த சிறு வேலையை விண்ணப்பித்த அனைவருக்கும் அளித்து, பெயரும் கல்லூரியும் மறைத்து மதிப்பிட்டபின் குறிப்பைத் திறக்கலாம். விடைகளை ஆங்கிலத்தின் நயத்தால் அளவாமல் தீர்வின் செம்மையால் அளக்கலாம். அப்போது தன்விவரக் குறிப்பு வாயிற்காவலன் என்னும் நிலையினின்று உரையாடலுக்கான தொடக்கமாக மாறும்.

முடிவுரை

உத்திரமேரூர்க் குடவோலையிலும், காலனியத் தேர்விலும், வளாக நேர்காணலின் அறுபது விழுக்காட்டிலும் ஒரே அமைப்பைக் காண்கிறோம். தெரிவு நேர்மையாக நடக்கிறது. தெரிவுக்கு முந்தைய சல்லடை கேள்விக்கு உட்படுவதில்லை. சென்னை மாகாணம் ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசுப்பணியில் அக்கேள்வியை எழுப்பியது. அதன் பயனாய் அகன்ற கல்லூரி வாயில்கள் வழியே வந்த இளைஞர்கள், இன்று வேறொரு வாயிலில் நிற்கின்றனர்.

புத்தொழில் நிறுவனத்தில் முதலில் சேரும் பத்துப் பேரின் முக்கியத்துவம் அவர்கள் செய்யும் வேலையோடு முடிவதில்லை. அடுத்த நூறு பேர் பெரும்பாலும் அவர்களது பரிந்துரையாலும் அவர்கள் நடத்தும் நேர்காணலாலும் வருவர். எனவே முதல் சில குறிப்புகள் எவ்வாறு படிக்கப்படுகின்றன என்பது, அந்நிறுவனம் பிற்காலத்தில் யாருடையதாக இருக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. மதிப்பெண்ணைப் படிப்பதோடு, அம்மதிப்பெண் எவ்விடத்திலிருந்து புறப்பட்டு வந்தது என்பதையும் படிக்கக் கற்றல் அந்நிறுவனம் விண்ணப்பதாரருக்குக் காட்டும் சலுகை அன்று. தன் தெரிவு பிழைபடாதிருக்க அது தனக்கே செய்துகொள்ளும் நன்மை.